ஜோலீனின் கேஸ்

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில், ஈழத் தமிழர் நிறைந்த அந்த உயர்ந்த கட்டடத்தின் ஏழாம் மாடியில், விண்ணப்பப் போர்ம் நிரப்பிக் கொடுக்கும் யோகமலருக்குப் பட்டப்பெயர் போர்ம் அன்ரி. அகதி விண்ணப்பமோ, ஊரிலிருந்து தாய் தகப்பனைக் கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பமோ, எதுவென்றாலும் அந்த மாடிச் சனம் முதலில் அவர் கதவைத்தான் தட்டும். அவர் எழுதிக் கொடுத்த கேஸ் ஒன்றுகூடத் தோற்றதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது. ஏறாமல் இருக்க அவர் என்ன சாமியாரா?

அவருடைய வேதம் ஒரே ஒரு பழமொழிதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அதற்காகப் பொய் எழுதமாட்டார். பொய் எழுதச் சொன்னவரை வாசலோடு அனுப்பியும் இருக்கிறார். நடந்ததில் துன்பத்தை மட்டும் எழுத வேண்டும், சந்தோசத்தை எழுதக் கூடாது, அவ்வளவுதான். கலியாண வீட்டில் ஆடிப் பாடிய கதையை அகதி விசாரணையில் போய் யாராவது சொல்வார்களா?

தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில் எதிர் வீட்டு ஜோலீன் அவர் கதவைத் தட்டினாள். ஜோலீன் கிங்ஃபிஷர் செரோக்கீ என்ற அமெரிக்கப் பழங்குடி இனப் பெண். ஒக்லஹோமாவில் பிறந்தவள். தாய் டார்லீனுக்கு ரொறன்ரோவில் நர்ஸ் வேலை கிடைத்ததால் பத்து வயதில் இங்கே வந்தவள். இப்போது பள்ளிப் படிப்பை முடிக்கும் வயது. அவள் பிறந்த ஒக்லஹோமாவிலேயே பழங்குடி மாணவர்களுக்கென்று இருக்கும் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஸ்கொலர்ஷிப் கிடைத்தால்தான் போகலாம். தாயின் ஒரு சம்பளத்தில் வாடகையும் கட்டி மகளையும் அனுப்ப முடியாது.

"அன்ரி, என் கட்டுரையை ஒரு தடவை பார்க்கிறீர்களா?" என்று இங்கிலீசில் கேட்டாள். 'அன்ரி' மட்டும் சுத்த யாழ்ப்பாணம்.

"உதென்ன கேள்வி? இருந்து எல்லாத்தையும் காட்டு" என்றார் யோகமலர். அவருடைய இங்கிலீசுக்கு இலக்கணம் குறைவு, துணிவு அதிகம். ஜோலீனுக்கு அது நன்றாகவே விளங்கும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பாட்டன் பெயர் பழைய குடிப்பதிவில் இருப்பதற்கான சான்று, செரோக்கீ நேஷனின் உறுப்பினர் அட்டை, பள்ளிப் புள்ளிகள். பத்திரங்கள் எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம். கட்டுரையை எடுத்தார். 'உன் சமூகத்தோடு நீ எப்படி வாழ்கிறாய்' என்பது தலைப்பு. ஜோலீன் எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க யோகமலரின் முகம் கறுத்தது. மாடிப் பிள்ளைகளுக்கு அவள் நீச்சல் பழக்கிய கதை. எஸ்கலேற்றர் என்றால் நடுங்கும் மரியரட்ணம் அங்கிளை மோலில் கைபிடித்து இறக்கி ஏற்றிய கதை. தைப்பொங்கலுக்குப் பால் பொங்கி அடுப்பு நனைந்து, புகை மணி அலறித் தீயணைப்பு வண்டியே வந்த கதை. நடுவில் 'கடூகி' என்று ஏதோ ஒரு செரோக்கீச் சொல்லை வைத்து ஒரு முழுப் பந்தி.

"பிள்ளை, நீ காசு கேக்கிறியோ, இல்லாட்டி உன்ரை பேத்டே பார்ட்டிக்கு ஆள் கூப்பிடுறியோ?" என்று கேட்டுவிட்டுச் சிவப்புப் பேனையை எடுத்தார். நீச்சல் போனது. எஸ்கலேற்றர் போனது. பொங்கல் போனது. கடூகியும் போனது.

"உங்கடை சனத்துக்கு முந்தி என்ன நடந்தது? அதைச் சொல்லு."

ஜோலீன் சொன்னாள். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்கப் பட்டாளம் வந்து ஊர் ஊராகச் சனத்தை எழுப்பி, மேற்கே நடக்க விட்டது. குளிரில், நோயில், வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

யோகமலரின் பேனை நின்றது. போன ஐப்பசியில் பட்டாளத்துக்குப் பயந்து ஊரே கிளம்பியபோது அவருடைய தங்கையும் ஒரு பையோடு மழையில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவள்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது ஸ்ரோங்கான கேஸ்" என்றார்.

புதுக் கட்டுரை பிறந்தது. அதன் கடைசி வரி: 'தாயைத் தவிர எனக்கு இந்த நகரத்தில் சொந்தம் என்று யாருமில்லை.' அது பொய்யில்லை. இரத்த உறவு யாரும் இல்லைதானே.

"ஆனால் இது நான் மாதிரியே இல்லையே, அன்ரி" என்று ஜோலீன் இழுத்தாள்.

"மூலை வீட்டுச் சச்சிதானந்தனும் தன்ரை அகதிக் கேஸுக்கு உதைத்தான் சொன்னவன். இப்ப அவன்ரை கேஸ் வெண்டு, மனுசியும் மகனும் வந்து, இன்னொரு பிள்ளையும் பிறந்திட்டுது."

ஜோலீன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சச்சிதானந்தனின் மகனுக்கு நீச்சல் பழக்கியவளே அவள்தான். பிறகு யோகமலர் அவளை விண்ணப்பத்தில் ஒட்டப் படம் எடுக்கும் கடைக்கும் கூட்டிக்கொண்டு போனார். "பல்லுத் தெரியக் கூடாது. காது ரெண்டும் தெரியவேணும். சிரிச்ச முகத்துக்கு ஒருத்தரும் இரங்கமாட்டினம்" என்றார். அன்று எடுத்த படத்தில் அந்தக் கலகலப்பான பிள்ளை, செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டவள் போல இருந்தாள். யோகமலருக்குப் பரம திருப்தி.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. தூரத்து மாணவி என்பதால் சனிக்கிழமை காலை தொலைபேசியில் நேர்காணல் என்று பதில் வந்தது. டார்லீன் இரவு வேலையிலிருந்து வர நேரமாகும். அதோடு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசும் ஸ்பீக்கர் போன் யோகமலர் வீட்டில்தான் இருந்தது. ஆகவே நேர்காணல் அங்கே.

"எழுதினதை விட்டு இஞ்சாலை அங்காலை போகக் கூடாது. பேப்பரிலை ஒண்டும் வாயிலை ஒண்டும் இருந்தால் கேஸ் அந்த இடத்திலையே முடிஞ்சுது" என்று யோகமலர் அவளுக்குப் பாடம் நடத்தினார். தானும் கேஸ் நாட்களில் உடுக்கும் சாம்பல் நிறச் சேலையை உடுத்திக்கொண்டார். பிறம்ரனில் கிடங்கு வேலை செய்யும் கணவர் சண்முகலிங்கம், "நீர் ஏன் உடுக்கிறீர்? போனிலை சேலை தெரியுமே?" என்று கேட்டு ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் யோகமலர் மறந்துபோனார். ஏழாம் மாடியில் ஒருவருக்குக் கேஸ் என்றால் எல்லாருக்கும் கேஸ். விசாரணைக்குப் போனவர் திரும்பி வரும்வரை சனம் ஒரு வீட்டில் கூடித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்கும். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அதுதான் வழக்கம்.

சனிக்கிழமை தொலைபேசி மணி அடித்தது. தேர்வுக் குழுவின் தலைவி வயதான ஒரு செரோக்கீப் பெண்மணி. பெயர் மிஸஸ் வோக்கிங்ஸ்ரிக். கைத்தடி என்று பெயர் வைத்த மனிசி எங்கே விட்டுக்கொடுக்கப் போகிறா என்று யோகமலர் நினைத்தார். ஆனால் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"உன் கட்டுரையைப் படித்தேன், மகளே. மிகவும் சோகமாக இருந்தது. அந்த நகரத்தில் உனக்கு யாருமே இல்லையா?"

ஜோலீன் யோகமலரைப் பார்த்தாள். எழுதினபடியே சொல் என்பதுபோல் யோகமலர் தலையை ஆட்டினார்.

"யாருமே..." என்று ஜோலீன் தொடங்கினாள்.

கதவு திறந்தது. முன்னால் சச்சிதானந்தன், கையில் உளுந்து வடைச் சட்டி. பின்னால் அவன் மனைவி, கைக்குழந்தை. அதற்குப் பின்னால் திருநீற்றோடு மரியரட்ணம். அவர் தேவாலயம் போகும் வேதக்காரர், ஆனாலும் பிள்ளைக்காக அன்று எந்தச் சாமியும் சரி என்று கோயிலில் வாங்கி வந்திருந்தார். அவர்களுக்கும் பின்னால் நீச்சல் பழகிய அத்தனை பிள்ளைகளும்.

"என்ன மாதிரி? பிள்ளையின்ரை கேஸ் வெண்டிட்டுதோ?" என்று சச்சிதானந்தன் போட்ட சத்தம் பக்கத்து நகரமான பிக்கரிங்வரை கேட்டிருக்கும். குழந்தை வீரிட்டது. பிள்ளைகள் "ஜோலீன்! ஜோலீன்!" என்று கத்தினார்கள்.

தொலைபேசியிலிருந்து அந்தக் குரல் கேட்டது: "யாருமில்லை என்றாயே, இவர்கள் எல்லாம் யார்?"

ஒரு கேஸும் தோற்காத யோகமலர், இந்தப் பிள்ளையின் கேஸைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துத் தோற்கடித்துவிட்டாரே. ஜோலீனின் உதடு நடுங்கியதைப் பார்த்ததும் அவருக்குத் தன் பெருமை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"மேடம், பிழை என்னில்தான். நான் யோகமலர், எதிர் வீடு. பிள்ளை சந்தோசமாக எழுதினாள், நான் வெட்டினேன். நாங்கள் இந்த நாட்டில் நிரப்பிய போர்ம் ஒன்றில்கூட எங்கள் சந்தோசத்தைக் கேட்டதில்லை. நீங்களும் அழுகையைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்." அவருக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதும் அதில் செலவாகிவிட்டது.

மறுபக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழுகையா? எங்களிடம் அது போதுமான அளவு இருக்கிறது, அம்மா" என்றார் மிஸஸ் வோக்கிங்ஸ்ரிக். "ஜோலீன், கடூகி என்று கேள்விப்பட்டிருக்கிறாயா?"

"அதைப் பற்றி ஒரு பந்தியே எழுதினேன். அன்ரி வெட்டிவிட்டா."

போனுக்குள்ளிருந்து வெடித்த சிரிப்பு ஒருவருடையது அல்ல. குழு முழுவதும் சிரித்தது. ஒருவருக்கு ஒரு வேலை வந்தால் கூப்பிடாமலே ஊர் கூடிச் செய்து கொடுப்பதுதான் கடூகி என்று மிஸஸ் வோக்கிங்ஸ்ரிக் விளக்கினார். வடைச் சட்டியோடு நின்ற சச்சிதானந்தனை யோகமலர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"இப்போது அங்கே இருப்பவர்களோடு ஒவ்வொருவராக நான் பேச வேண்டும்" என்றார் அந்தப் பெண்மணி. "வெட்டிய கட்டுரையையும் எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையோடு அப்படியே."

மரியரட்ணம் எஸ்கலேற்றர் கதையைச் சொன்னார். பிள்ளைகள் நீச்சல் கதையை ஒரே நேரத்தில் சொன்னார்கள். சண்முகலிங்கம் தீயணைப்பு வண்டி கதையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். நேர்காணல் முடிவதற்குள் வடை முடிந்துவிட்டது. வேலை முடிந்து வந்த டார்லீன் வாசலில் நின்றே விசயத்தைக் கேட்டு, சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள்.

கோடை தொடங்கியதும் முடிவு வந்தது. முழுப் படிப்புக்கும் ஸ்கொலர்ஷிப். ஜோலீன் தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வர, யோகமலர் கொரிடோரில் இறங்கி, "வெண்டிட்டுது! பிள்ளையின்ரை கேஸ் வெண்டிட்டுது!" என்று கத்தினார். கதவுகள் எல்லாம் திறந்தன. டார்லீன் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மரியரட்ணம் இரண்டு கையையும் தூக்கி ஆடினார். அவர் ஆடுவார் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

ஆரவாரம் அடங்கியதும் சண்முகலிங்கம் சொன்னார்: "மலர், இவ்வளவு நாளும் நீர் நிரப்பினது எல்லாம் இஞ்சை இருக்கிறதுக்குத்தான். இதுதான் முதல் முறை, ஒராள் தன்ரை ஊருக்குப் போறதுக்கு நிரப்பினது."

யோகமலருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. "போகட்டும். போன உடனை 'வா பிள்ளை' எண்டு கூப்பிட அங்கை சனம் இருக்குது. அதைவிட என்ன வேணும்?" என்றார். எதிர்க் கதவைத் திறந்து ஜோலீன் ஓடி வரமாட்டாள் என்பதை நினைக்க வலித்தது. ஆனால் அந்த வலியைவிடச் சந்தோசம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் கல்லூரி அட்டைக்காகப் படம் எடுக்க அதே கடைக்குப் போனார்கள். ஜோலீன் பழக்கதோசத்தில் வாயை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு காதும் தெரிய, விறைப்பாக உட்கார்ந்தாள். கமெராக்காரர் தயாரானார்.

"பொறுங்கோ அண்ணை" என்று யோகமலர் குறுக்கே போய் நின்றார். இறுக்கிப் பின்னுக்குக் கட்டியிருந்த அவள் தலைமயிரைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டார்.

"சிரி பிள்ளை. பல்லு முழுக்கத் தெரியச் சிரி."