மலை ஏற வாங்கிய சைக்கிள்

அந்த வீட்டில் கெட்டவர் என்று ஒருவராவது இருந்திருந்தால் மருமகளின் பாடு இவ்வளவு சிக்கலாகியிருக்காது. ஒருநாள் நன்றாகச் சண்டை போட்டு, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காரியத்தைச் சாதித்திருப்பாள். ஆனால் இருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கமானவர்கள். தங்கமானவர்களிடம் மாட்டிக்கொண்டவளின் கதை இது. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள், அவளுக்கு மட்டும் வரவில்லை.

கீழே சலவைக் கடை, மாடியில் வீடு. மாமனார் வாசலில் உட்கார்ந்து துணி வாங்கிப் போடுவார். மாமியார் கறை பார்ப்பார். காப்பியா, மையா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். கணவன் சலவை இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவான். அவன் தம்பி பாதி நேரம் போனில் வீடியோ பார்ப்பான், மீதி நேரம் பார்த்ததை மற்றவர்களுக்கு விளக்குவான். வீட்டில் அவனுக்குப் பெயர் விஞ்ஞானி. மருமகளுக்கு இஸ்திரி. அந்தப் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது, புகைபோக்கிக் காற்றாடி ஒன்றுதான். காலையில் படி இறங்கி உள்ளே போனால் சாயங்காலம் நீராவியில் வெந்துபோன முகத்தோடு படி ஏறுவாள். அவள் ஒருநாளில் போய்வரும் தூரமே அந்தப் படிக்கட்டுதான்.

விரிப்புகளைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போது மட்டும் ஊருக்கு வெளியே இருக்கும் மலை தெரியும். உச்சியில் ஒரு டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சரிவில் புள்ளி புள்ளியாகச் சைக்கிள்கள் ஏறும். மறுநாள் அதே ஆட்களின் பனியன்கள் முதுகு முழுக்கச் செம்மண்ணோடு கடைக்கு வரும். அந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர் ஒரு விளையாட்டு டீச்சர்.

"எப்பப் பார்த்தாலும் எங்க சேத்தையே தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்களே, ஒருநாள் நீங்களும் வந்து அழுக்காகுங்களேன்" என்றார் டீச்சர் ஒரு திங்கட்கிழமை. "இந்த மாசக் கடைசி ஞாயிறு, புதுசா வர்ற பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போறோம். டவர் வரைக்கும். கியர் வச்ச சைக்கிள் ஒண்ணு இருந்தாப் போதும்."

டீச்சர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இங்கே அன்றைக்கு நாலைந்து சட்டைகளில் மடிப்பு கோணிப்போனது. மருமகளுக்கு மலைமேல் பெரிய ஆசை எதுவும் இல்லை. அங்கே நின்று இந்த மொட்டை மாடியை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் இது எத்தனை சின்னதாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் மிச்சக் காலத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கல்யாணத்துக்கு முன்னால் சேர்த்து வைத்திருந்த பணத்தோடு சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் கையில் இருப்பதைக் கேட்டுக்கொண்டு, பச்சை நிறத்தில் ஒன்றை இழுத்து வந்து நிறுத்தினார். முன்சக்கரத்துக்கு மேல் ஷாக், முள் முள்ளாக டயர், முன்னும் பின்னும் கியர்.

"இதுக்கும் கம்மியாப் போனா அது மலைச் சைக்கிள் இல்லம்மா, மலைச் சைக்கிள் மாதிரி பெயிண்ட் அடிச்ச சைக்கிள்" என்றார். "இதுல இப்பவே மாத்த வேண்டியது பெடல் மட்டும்தான். கூட வர்றது பிளாஸ்டிக், கால் வழுக்கும். மத்ததை ஓட்டிப் பார்த்துட்டு ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். கனத்தை மட்டும் ஏத்திடாதீங்க."

இரும்புப் பற்கள் வைத்த அகலமான பெடல்களையும் வாங்கி மாட்டிக்கொண்டு அவள் ஓட்டியே வீட்டுக்கு வந்தாள். சின்ன மேடு ஒன்று வந்தது. விரலால் தட்டினாள், 'கிளுக்' என்று கியர் விழுந்தது, கால் லேசானது. ஆளில்லாத தெருவில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டில் சைக்கிளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மாமனார் கடைக்கு வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மாமியார் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், கறை தேடுகிறவர் மாதிரி.

"என்னடியம்மா, மட்கார்டே இல்ல? மழையில போனா முதுகெல்லாம் சேறு அடிக்குமே. பின்னாடி ஒரு கேரியர்கூட இல்ல. அவசரத்துக்கு ஒரு பையை எங்க வைப்ப?"

"சேறு அடிக்கத்தான் அத்தை இது" என்று சொல்லத் தெரியாமல் அவள் நின்றாள். மறுநாளே மட்கார்டும் கேரியரும் வந்து ஏறின. மாமியார் தன் கைக்காசில் வாங்கியது. கேரியர் என்று ஒன்று வந்துவிட்டால் அதில் ஏதாவது ஏறத்தானே செய்யும்? முதலில் பக்கத்துத் தெரு வக்கீல் வீட்டுக்கு நாலு சட்டை ஏறியது. பிறகு பல் டாக்டரின் கோட்டுகள். அப்புறம் எதிர்ச் சந்து, மேலச் சந்து எல்லாமே ஏறின. "உனக்கும் வெளிக்காத்து பட்ட மாதிரி ஆச்சு" என்றார் மாமியார். அதில் பொய் ஒன்றும் இல்லை, பட்டது வெளிக்காற்றுதான். ஆனால் துணி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பவனுக்கும் அதே காற்றுதானே படுகிறது?

அடுத்து விஞ்ஞானி களத்தில் இறங்கினான்.

"அண்ணி, இந்த முள் டயர் ரோட்டுல பிடிச்சு இழுக்கும். சக்தி பூரா வீண். நான் எல்லா வீடியோவும் பார்த்துட்டேன். வழுவழுன்னு ஒரு டயர் போட்டா சும்மா மிதக்கும் பாருங்க."

"மண்ணுல வழுக்காதாப்பா?"

"மண்ணுக்கு எங்க போறீங்க நீங்க?"

டவருக்குப் போகப் போவதை அவள் எல்லோரிடமும் சொல்லித்தான் இருந்தாள். எல்லோரும் தலையாட்டவும் செய்தார்கள். சுற்றுலாவுக்குப் போவதாகச் சொல்லும் குழந்தைக்குத் தலையாட்டுவோமே, அந்த ஆட்டல். அன்று சாயங்காலமே முள் டயர்கள் போய் வழுவழுப்பான டயர்கள் வந்தன. விஞ்ஞானி தன் முதல் சம்பளம் வந்தது போல் முகம் மலர்ந்து நின்றான். அவனிடம் போய் என்னவென்று கோபித்துக்கொள்வது?

பெடலில் இருந்த பற்கள் ஒருநாள் அவள் கெண்டைக்காலில் கீறி ரத்தம் வந்துவிட்டது. மாமனாருக்கு ரத்தம் ஆகாது, ஆடிப்போய்விட்டார். "மருமக காலைப் பதம் பார்க்குற பெடல் நம்ம வீட்டுல எதுக்கு?" என்று அவற்றைத் தானே கழற்றி எறிந்து, பஞ்சுபோல ரப்பர் பெடல் மாட்டினார். அதே கையோடு, நிமிர்ந்து உட்கார வசதியாக வளைந்த ஹேண்டில்பார், சோபா மாதிரி ஒரு சீட். "இப்பத்தான் ஒரு மரியாதையா இருக்கு" என்றார்.

அன்றைக்கு அவள் துணிந்தாள். "மாமா, எனக்கு அந்தப் பழைய சீட்டும் பெடலுமே போதும். மலை ஏறும்போது..."

மாமனார் முகம் சுண்டிப்போய், ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ராத்திரி சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்தார். "அப்பா ஆசையா செஞ்சது, ஏதாவது சொன்னியா?" என்று கணவன் மெல்லக் கேட்டான். மறுநாள் காலையில் அவளே போய், "சீட் ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றாள். அவர் முகத்தில் வெளிச்சம் திரும்பியது. அவள் இஸ்திரி அறைக்குள் போய், ஒரே காலரை மூன்று தடவை தேய்த்தாள்.

இனிக் கியர் ஒன்றுதான் மிச்சம். கனம் ஏற ஏற, விலை குறைந்த அந்தக் கியர் முரண்டு பிடித்தது. ஒருநாள் நடுத்தெருவில் செயின் கழன்றது. கையால் மாட்டிவிட்டு, கையைத் துடைத்ததாக நினைத்துக்கொண்டு, வக்கீலிடம் சட்டையை நீட்டினாள். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுக்கு நேரே அவளுடைய கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. சலவைக்காரர் வீட்டில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. இருந்தும் ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. மாமியார் அந்தச் சட்டையை வாங்கி ஊறவைத்தார். கணவன் அவள் தோளைத் தட்டி, "உன் மேல தப்பே இல்ல. தப்பு அந்தக் கியர் மேல" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

கடைசி ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் கணவன் அவளைக் கீழே கூப்பிட்டான். சைக்கிள் மேல் ஒரு விரிப்பைப் போர்த்தி வைத்திருந்தான். வீடே சுற்றி நின்றது. விரிப்பை இழுத்தான்.

கியர்கள் இல்லை. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், செயினுக்கு மூடி. கேரியரில் சலவைக் கடையின் பெயர் எழுதிய பெரிய பெட்டி.

"இனி ஜென்மத்துக்கும் செயின் கழலாது. கையில ஒரு சொட்டு மசி ஒட்டாது. எப்படி?" என்றான். ஒரு வாரமாக அவளுக்குத் தெரியாமல் முனைத் தெரு ரிப்பேர்க்காரனிடம் அலைந்து செய்த வேலை. அவன் கண்ணில் அப்படி ஒரு ஆசை.

அவளுக்கு "ஏங்க, நாளைக்கு மலை ஏறணுமே" என்று மட்டும் வந்தது.

"அதுக்கென்ன? முடியாத இடத்துல இறங்கித் தள்ளிக்கோ. நம்மளை யாரு விரட்டுறாங்க?"

"அந்தக் கியரெல்லாம் எங்க?"

"பழசை ரிப்பேர்க்காரன்கிட்டயே தள்ளிவிட்டேன். அதுலதான் பெட்டி கொஞ்சம் சல்லிசா வந்துச்சு."

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்தாள். வேறு எதைச் செய்தாலும் அன்றைக்கு ஒருவரும் சாப்பிட மாட்டார்கள்.

ஞாயிறு காலை அவள் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கீழே வந்தபோது மாமியார் பெட்டியில் மேஜை விரிப்புக் கட்டைத் திணித்துக்கொண்டிருந்தார். "மலையடியில இருக்கிற விடுதிக்குத்தான். போற வழிதானே. குடுத்துட்டு நீ பாட்டுக்கு மலைக்குப் போ, கண்ணு."

மலையடியில் ஒரு மரத்தடியில் பெண்கள் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். எல்லோரும் அவளைப் போலவே புதியவர்கள். ஒருத்தி பயத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் வியர்த்து விறுவிறுத்து அங்கே போய் இறங்கினாள்.

டீச்சர் அவளைப் பார்த்ததும் கையசைத்தார். பெட்டியைப் பார்த்தார். "அட, ஞாயித்துக்கிழமைகூட டெலிவரியா? நீங்க எங்ககூட வருவீங்கன்னுல்ல நெனச்சேன்."

"வரத்தான் டீச்சர்..."

"அப்படியா! நல்லதாப் போச்சு. சைக்கிள் எங்க?"

டீச்சர் கேலி செய்யவில்லை. அவர் கண்கள் நிஜமாகவே அவளுக்குப் பின்னால், மரத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிளைத் தேடின. மருமகள் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததைக் குனிந்து பார்த்தாள். பச்சை பெயிண்ட்கூட மட்கார்டுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சாண் அளவுக்குத்தான் தெரிந்தது. வெட்கம் முகத்தைச் சுட்டது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது, யார் மேல் என்று இறக்கி வைக்க இடமில்லாத கோபம்.

"வீட்டுல இருக்கு" என்றாள்.

"அடடா. சரி, அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க." டீச்சர் விசில் ஊதினார். ஒவ்வொருத்தியாகச் சரிவில் ஏறினார்கள். கிளுக் கிளுக்கென்று கியர்கள் விழும் சத்தம் முதல் வளைவு வரைக்கும் அவளுக்குக் கேட்டது.

விரிப்புக் கட்டை விடுதியில் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியோடு அவளும் சரிவில் திருப்பினாள். அடம்தான். எழுந்து நின்று மிதித்தாள். பின்டயர் சரளைக்கல்லில் வழுக்கிச் சுற்றியது, சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. இறங்கித் தள்ளினாள். ரப்பர் பெடல் முழங்காலில் மெத்து மெத்தென்று இடித்தது, வலிக்கவே இல்லை. முதல் வளைவுக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"எங்க இருக்க?" கணவன். "சாப்பாடு ரெடி. நீ வராம ஒருத்தரும் தட்டுல கை வைக்க மாட்டேங்கிறாங்க. அப்பாவுக்கு மாத்திரை வேற போடணும். மெதுவாவே வா, ஒண்ணும் அவசரமில்ல."

வளைவுக்கு அந்தப் பக்கம் பாதை எப்படிப் போகிறது என்றுகூட அவள் பார்க்கவில்லை. சைக்கிளைத் திருப்பினாள்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு மேலே போனாள். மாமியார் பரிமாற எழுந்தார். விஞ்ஞானி, "டயர் எப்படி அண்ணி, மிதந்துச்சா?" என்றான். அவள் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்தது.

"என் சைக்கிள் எங்க?" என்றாள். "எனக்கு என் சைக்கிள் வேணும்."

அவள் குரல் அந்த வீட்டில் அந்த அளவுக்கு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கணவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தடதடவென்று படி இறங்கி ஓடினான். மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவன் சிரிப்புச் சத்தம் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே மேலே வந்தான்.

"இங்கதானே இருக்கு! திருட்டுப் போயிடுச்சோன்னு உயிரே போயிடுச்சு எனக்கு." அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். மாமியார் அவள் தட்டில் சோறு வைத்தார். "பயப்படாத. நாளைக்கே நல்ல பூட்டா ஒண்ணு வாங்கி மாட்டிடறேன்."