வெலிக்கா வீட்டுக்கு வந்த ரொட்டி

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு எத்தனை முறை ரொட்டி கொண்டுபோயிருப்பாள் என்று வெலிக்காவுக்கே நினைவில்லை. அந்த ஊரில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தால் மற்ற பெண்கள் காலையிலேயே மாவு பிசைந்து, வட்ட ரொட்டி சுட்டு, துண்டில் சுற்றிச் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பொனுதா என்பார்கள். வெலிக்காவின் ரொட்டிதான் எப்போதும் முதலில் போய்ச் சேரும். கூட்டம் சேர்ந்த பிறகு போனால் எவளாவது ஒருத்தி, "உன் வீட்டுக்கு நாங்க எப்ப கொண்டு வர்றது?" என்று கேட்டுவிடுவாள். அவளுக்கு நாற்பது தாண்டியதும் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது வலித்ததைவிட நிறுத்தியபோதுதான் அதிகம் வலித்தது.

ஐம்பத்தோராவது வயதில் அவள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வந்தது. பெற்றதல்ல, அரசாங்கம் வளர்க்கக் கொடுத்தது. பயிற்சி, மருத்துவச் சான்று, கட்டில் அளவு முதல் கழிப்பறை வரை பார்த்துப்போன அதிகாரிகள் என்று இரண்டு வருடம் அலைந்து வாங்கிய பிள்ளை. மிரெலா, ஆறு வயது. மார்ச் மாதத்தில் ஒரு மழைநாளில், ஒரு பிளாஸ்டிக் பையில் தன் துணிகளோடு வந்து இறங்கினாள்.

கூட்டிவந்த மரினோவா, குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண், கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"ஒரு மாசத்துக்கு விருந்தாளி யாரும் வேணாம். எந்த ஊர்ப் புள்ளைன்னு யாருக்கும் சொல்லாதீங்க. ஃபோட்டோ கூடவே கூடாது. அவங்கப்பன் தேடிக்கிட்டிருக்கான். கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. ஆனா அவன் கோர்ட்டு சொன்னா கேக்குற ஆளில்ல. அவன் கையில இந்தப் புள்ள என்ன பட்டுச்சுன்னு ஃபைல்ல இருக்கு, படிச்சிருப்பீங்க."

வெலிக்கா படித்திருந்தாள். தலையை ஆட்டினாள்.

முதல் நான்கு நாள் மிரெலா சமையலறை மேசைக்கு அடியிலேயே குடியிருந்தாள். சாப்பாடும் அங்கேதான். வெலிக்காவின் கணவன் ஸ்தாமென் கீழே குனிந்து, "வாடகைக்கு இடம் இருக்குமா அங்க?" என்று கேட்டான். ஐந்தாம் நாள் ஒரு சின்னக் கை வெளியே வந்து வெலிக்காவின் ஏப்ரனைப் பிடித்தது. பிறகு விடவே இல்லை. கோழிக்குத் தீனி போடப் போனாலும், துணி காயப்போட்டாலும், அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பத்தாம் நாள், "பெரியம்மா, நாளைக்கும் இங்கதானா?" என்று கேட்டாள். வெலிக்கா அடுப்பங்கரையில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அத்தோடு அவள் நிறைவடைந்திருக்கலாம். மனம் அப்படிப்பட்டதா என்ன?

பன்னிரண்டாம் நாள் செவ்தா வந்தாள். ஊர் வாசகசாலையின் செயலாளர். ஊரில் ஒரு தும்மல் கேட்டால்கூட மருந்தோடு வந்து நிற்பவள். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் தொல்லை.

"அடியே, எங்க வீட்டு வாசலுக்கெல்லாம் முதல் ரொட்டியோட வந்தவ நீ. உன் வீட்டுக்கு நாங்க வரலேன்னா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? பொம்பளைங்க எல்லாம் கேக்குறாங்க."

"மரினோவாம்மா வேணாம்னு…"

"ஆபீஸ்காரிக்கு என்னடி தெரியும்? அவளா வந்து உனக்கு ரொட்டி சுடப்போறா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதான். 'உன் வீட்டுக்கு வர்றோம்' என்ற வார்த்தைக்கு முப்பது வருடமாக ஏங்கிக்கிடந்தவளால் சொல்ல முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம வாங்க," என்றாள் வெலிக்கா.

"நீ சொல்லிட்ட, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?" என்று ஸ்தாமென் அன்று தோட்டத்துக்குப் போய்விட்டான்.

பதினேழு பெண்கள், பதினேழு பாத்திரங்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா, அடைத்த மிளகாய், முழுக்கோழி. வெலிக்கா புதுச் சட்டையும் அதன்மேல் ஏப்ரனுமாக, பிள்ளை பெற்றவளை உட்காரவைப்பதுபோல ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டாள். மிரெலா பக்கத்தில் நின்றாள். ஒவ்வொருத்தியும் வந்து, திருஷ்டி படாமலிருக்க, குழந்தையைப் பார்த்து மூன்று முறை துப்புவதுபோல் செய்து, "தூ தூ, எவ்வளவு அசிங்கம்! கோழி கொத்தட்டும் இவளை!" என்றாள். ஊரில் எல்லாத் தொட்டிலுக்கு முன்னாலும் சொல்கிற வார்த்தைதான். தொட்டில் பிள்ளைக்கு அது புரியாது. ஆறு வயதுக்குப் புரியும். பதினேழு பேர் வந்து தன்னை அசிங்கம் என்று சொல்லிச் சிரித்ததை மிரெலா நின்று கேட்டாள். எவளுக்கும் அது உறைக்கவில்லை. வெலிக்காவுக்கும்தான். அவள் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் நெருங்கி நில்லுங்க!" என்று செவ்தா போனைத் தூக்கினாள்.

எழுந்து நின்ற வெலிக்காவுக்கு மரினோவாவின் முகம் ஒரு கணம் வந்துபோனது. "இந்தப் பக்கமா எடு, வெளிச்சம் நல்லாருக்கும்," என்றாள்.

அன்று மாலையே ஊரின் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் ஏறியது. 'எங்கள் ஊரின் புது மகள் மிரெலாவை வரவேற்போம்! ஆறு வயதுக்கு ஏற்ற கோட்டும் காலணியும் இருப்பவர்கள் வெலிக்கா வீட்டில் கொடுக்கவும்.' மறுநாளே மூன்று கோட்டு வந்தது. வெலிக்கா வாழ்த்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். வெளிநாட்டில் வேலைபார்க்கும் ஊர்க்காரர்கள்கூட எழுதியிருந்தார்கள். செவ்தா ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் சிவப்பு இதயம் போட்டுக்கொண்டே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்தாமென் போனை வெலிக்காவிடம் நீட்டினான். முகம் வெளுத்திருந்தது.

'என் மகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. நல்ல ஊர். சீக்கிரம் வருகிறேன்.'

அதற்குக் கீழேயும் செவ்தாவின் இதயம் இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் மரினோவா காரோடு வந்தாள். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

"உங்க சம்மதத்தோடதான் ஃபோட்டோ எடுத்தாங்களா?"

"ஆமா," என்றாள் வெலிக்கா. பொய் சொல்லவாவது அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

மரினோவா பிள்ளையின் துணிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

"நானும் வர்றேன்," என்றாள் வெலிக்கா. "அவ எங்க போறாளோ அங்க வீடெடுத்து…"

"அவனுக்கு இப்ப ஊரு மட்டுமில்லம்மா, உங்க முகமும் தெரியும். நீங்க எங்க இருந்தாலும் அவ அங்க இருக்க முடியாது. எங்க கொண்டுபோறேன்னும் உங்ககிட்ட சொல்ல முடியாது."

மிரெலா அழவில்லை. ஏப்ரன் நுனியை மட்டும் விடவில்லை. மரினோவா விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் வெலிக்கா தன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். கார் அந்த ஏப்ரனையும் சேர்த்துக்கொண்டு போனது.

ஒரு வாரம் யாரும் வாசலை எட்டிப்பார்க்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கு ரொட்டி, இறந்த வீட்டுக்கு அவித்த கோதுமை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போன வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் வராமல் இருந்துகொண்டார்கள்.

எட்டாம் நாள் வெலிக்கா பதினேழு பாத்திரங்களையும் கழுவித் தள்ளுவண்டியில் அடுக்கினாள். அந்த ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். இரண்டு முட்டையாவது, ஒரு பிடி வால்நட்டாவது போட்டுத்தான் தருவார்கள். வெலிக்கா ஒன்றும் போடவில்லை. வீடு வீடாகப் போய்க் காலியாகவே நீட்டினாள். வாங்கியவர்கள் உள்ளே பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

கடைசியாக செவ்தா வீடு.

"நல்லதுக்குத்தானடி செஞ்சேன்," என்று செவ்தா அழுதாள். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு."

"உன் பேத்தி பொறந்தப்ப நாப்பது நாள் ஜன்னல் திரையக்கூட விலக்க விடல நீ. படம் எடுக்க வந்தவனத் தொடப்பத்தால விரட்டின."

"அது கைப்புள்ளடி! இது…"

"இது?"

செவ்தா காலிப் பாத்திரத்தை வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

வெலிக்கா திட்டுவதற்காகத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். ஆனால் அவளிடம் மிரெலாவின் படம் ஒன்றுகூட இல்லை. சட்டம் என்று ஒரு படமும் எடுக்காமல் இருந்தவள் அவள்.

"அந்தப் படம்…"

"அன்னிக்கே அழிச்சுட்டேன். ஆபீஸ்ல சொன்னாங்க."

"உன் போன்லயும் அழிச்சியா?"

செவ்தாவின் கை போன் இருந்த பையைப் பொத்தியது.

"காட்டு, செவ்தா. ஒரு தடவ காட்டு."

செவ்தா போனைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். வெலிக்கா கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் பல் தெரிய நின்றார்கள். மேசை நிறைய பாத்திரங்கள். நடுவில் மிரெலா இரண்டு கையாலும் ஏப்ரனைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அவள் காமிராவைப் பார்க்கவில்லை. அழுகைக்கு முந்தின முகத்தோடு, தலையை நிமிர்த்தி, வெலிக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெலிக்கா காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.