தாழ்ப்பாள் இல்லாத கதவு

என் மூத்திரத்துக்கு ஒரு கால அட்டவணை உண்டு. காலை ஆறு மணிக்கு ராயபுரத்தில் என் அறையில் ஒருமுறை. மதியம் ஒன்றேகாலுக்கு வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை. மாலை ஏழு மணிக்கு மறுபடியும் என் அறையில். நடுவில் வந்தால் காத்திருக்கச் சொல்வேன். மரியாதை தெரிந்த மூத்திரம், பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. லாரி உள்ளே வந்ததும் பெட்டியின் நம்பரையும் சீல் நம்பரையும் சரிபார்த்து, நசுங்கலோ ஓட்டையோ இருந்தால் குறித்துக்கொண்டு, எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். நிழல் என்ற பேச்சே கிடையாது. சுற்றிலும் இரும்புப் பெட்டிகள், மேலே மே மாத வெயில், காற்று திரும்பினால் மணலிப் பக்கத்து நாற்றம். மற்றவர்கள் ஆளுக்கு நான்கு பாட்டில் தண்ணீர் குடிப்பார்கள். நான் காலையில் குடித்த அரை டம்ளர் டீயோடு மதியம்வரை ஓட்டுவேன்.

யார்டில் ஆண்கள் அறுபது பேர். பின்மதிலை ஒட்டி நின்றபடி போவதற்கு ஒரு வரிசை, அதன் பக்கத்தில் கதவு வைத்த இரண்டு கக்கூஸ். பாதிப் பேருக்கு அந்த வரிசைகூட வேண்டாம், லாரிச் சக்கரமே போதும். ஜிப்பை இறக்கிவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, கிரிக்கெட் ஸ்கோர் பேசியபடியே வேலையை முடித்துவிடுவார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை, சுத்தமான பொறாமை. என்ன சொத்து தன்னிடம் இருக்கிறது என்று ஒருத்தனுக்காவது தெரியுமா?

நான் பிறந்தபோது பெண் என்று எழுதிவிட்டார்கள். பதினோரு வருடமாக ஊரறிய ஆண். அதற்கு முன்பும் ஆண்தான், வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஊசி போட்டுக் குரல் உடைந்தது, தாடி வந்தது, மார்பை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. ஆதார் அட்டையில் கவுதமன், ஆண். இடுப்புக்குக் கீழே மட்டும் பழையபடியே இருக்கிறது. அந்த ஆபரேஷனுக்கு எனக்கு வழியும் இல்லை, துணிச்சலும் இல்லை. யார்டில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எண்ணூரில் முன்பு வேலை பார்த்த இடத்தில் தெரிந்தது. மூன்றாம் நாளே கான்டிராக்டர், "ஆளு ஜாஸ்தியாயிடுச்சுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அனுப்பப்பட்டது நான் ஒருவன்தான்.

தாடி வருவதற்கு முந்தைய இரண்டு வருடம் இன்னும் மோசம். ஒரு ரயில் நிலையத்தில் அவசரத்துக்குப் பெண்கள் பக்கம் போய்விட்டேன். பையன் புகுந்துவிட்டான் என்று ஒரு அம்மா செருப்பைக் கழற்றினாள். வெளியே ஓடி வந்து ஆண்கள் பக்கம் போனால், அங்கே நின்ற இரண்டு பேர், "இன்னாடா இது, ஆம்பளையா பொம்பளையா? அவுத்துக் காட்டு" என்று வழியை மறித்தார்கள். அன்றைக்கு நடைமேடையிலேயே பேன்ட் நனைந்துவிட்டது. அப்போது எனக்கு இருபது வயது. அதற்குப் பிறகுதான் கால அட்டவணை போட்டேன்.

யார்டில் எனக்கு ஒரே சினேகிதன் டில்லிபாபு. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ராட்சச வண்டியை ஓட்டுகிறவன். நான் பிறந்த அதே வியாசர்பாடியில் பிறந்தவன். என்னைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் மச்சான்தான். வண்டி மேலிருந்து மச்சான், போனில் மச்சான், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மச்சான். மாலையில் தன் பைக்கில் ராயபுரம் வரை கொண்டுவந்து விடுவான். அவன் வாய் வைத்துக் குடித்த பாட்டில் அப்படியே என் கைக்கு வரும். நான் தொண்டையை நனைத்துக்கொள்ள ஒரு வாய் மட்டும் குடிப்பேன்.

"இன்னா மச்சான், தண்ணி குடிக்கச் சொன்னா தீர்த்தம் குடிக்கிற?" என்பான்.

ஒன்றேகால் என்பது நான் யோசித்துப் பிடித்த நேரம். எல்லாரும் சாப்பாட்டில் இருப்பார்கள். கக்கூஸ் பக்கம் ஈ காக்கை இருக்காது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டதும் அந்த இரும்புச் சத்தம் கேட்கும் பாருங்கள், அதுதான் எனக்கு நாள் முழுக்கக் கிடைக்கும் ஒரே நிம்மதி. சாப்பாட்டு நேரத்தில் இப்படிப் போகிறேன் என்று கிண்டல் உண்டு. "கவுதமன் காலி பண்ணிட்டுதான் துன்னுவான்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏப்ரலில் ராமசுப்பு விழுந்தார். சர்க்கரை வியாதிக்காரர், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் மயங்கிக் கதவில் சாய்ந்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் அரைமணி நேரம் போய்விட்டது. டில்லிபாபுதான் கடப்பாரையால் கதவைப் பெயர்த்து, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினான். மனிதர் பிழைத்துக்கொண்டார். மேனேஜர் மறுநாளே ஒரு நோட்டீஸ் ஒட்டினார், ஊழியர்களின் பாதுகாப்பு கருதி இரண்டு கதவிலும் தாழ்ப்பாள் நீக்கப்படுகிறது என்று. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

அதற்குப் பிறகு புதுப் பழக்கம் வந்தது. உள்ளே போகிறவன் மஞ்சள் ஹெல்மெட்டைக் கதவின் வெளி ஆணியில் மாட்டிவிட வேண்டும். அந்தப் பக்கம் போகிற எவனும், "உயிரோட கீறியா?" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவன், "கீறேன்டா" என்று கத்த வேண்டும். பதில் வரவில்லை என்றால் கதவைத் திறந்துவிடலாம். இதை ஆரம்பித்துவைத்தது டில்லிபாபு. ராமசுப்புவைத் தூக்கிய நாளிலிருந்து அவனுக்கு அந்தப் பயம் போகவில்லை. மற்றவர்களுக்கு இது விளையாட்டு. "கீறேன்டா, நீ உள்ள வந்து கழுவி உடு" என்று பதில் வரும், யார்டே சிரிக்கும். நான் அந்தக் கக்கூஸுக்குப் போவதை விட்டேன்.

மார்க்கெட் பக்கத்தில் ஒரு கட்டணக் கழிப்பறை. வேகமாக நடந்தால் பத்து நிமிஷம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா, "ஒண்ணா ரெண்டா?" என்று கேட்பாள். ஒன்றுக்குத் திறந்த வரிசை, இரண்டுக்குத்தான் தாழ்ப்பாள் வைத்த அறை. நான் தினமும், "ரெண்டு" என்பேன்.

"இன்னா நைனா, டெய்லி ரெண்டா? வயிறு எதுனா கெட்டுப் போச்சா? ஓமத்தண்ணி குடி" என்றாள் ஒருநாள், பரிதாபமாக. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது.

மே மாதம் பாதியில் எரிச்சல் ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல். டாக்டர் சோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "தண்ணியே குடிக்கறதில்லையா? அடக்கி அடக்கி வெச்சா கிட்னி போயிடும்" என்றார். மாத்திரை கொடுத்து, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார். எங்கே போய் இறக்குவது என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பயந்துபோய்க் குடித்தேன். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒன்றரை லிட்டர் குடித்திருந்தேன். என்னைப் பார்த்து டில்லிபாபுவுக்கு ஒரே சந்தோஷம்.

பன்னிரண்டரைக்கு மார்க்கெட்டுக்கு ஓடினேன். கழிப்பறையில் பூட்டு. மோட்டார் ரிப்பேர், நாளை வரும் என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தது. நாற்காலி இருந்தது, அம்மா இல்லை. அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தோரு வயது ஆள், தாடி வைத்தவன், நடுரோட்டில் ஒரு கக்கூஸ் வாசலில் அழுதுகொண்டு நிற்கிறேன். ராயபுரத்துக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை தாங்காது. அடிவயிற்றில் கத்தியை வைத்து இழுப்பதுபோல் இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார்டுக்கே திரும்பினேன்.

டில்லிபாபு சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒரு ஒதவி. கதவப் புடிச்சிக்கோ. யாரையும் உடாத" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். டப்பாவை மூடிவிட்டுக் கூடவே வந்தான். என் ஹெல்மெட்டை வாங்கி ஆணியில் மாட்டினான். "நீ போ மச்சான். எவன் வர்றான்னு நான் பாத்துக்கறேன்" என்று முதுகைக் கதவில் கொடுத்து நின்றான்.

உள்ளே உட்கார்ந்தேன். வரவில்லை. பிறகு வந்தது, சொட்டுச் சொட்டாக, நெருப்பாக. கீழே பார்த்தால் சிவப்பு. கத்திவிடப் போகிறோம் என்று பயந்து சட்டை நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன்.

"கீறியா மச்சான்?"

சட்டையை எடுத்து, "கீறேன்" என்றேன். மறுபடி கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "கீறியா?"

தொண்டைக்குள்ளிருந்து, "ம்" என்றேன். அவனுக்குக் கேட்டதா தெரியாது. அடுத்த வலி வந்தபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெளியே அவன் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. "மச்சான்? டேய் மச்சான்? ஜுரத்தோட போனியேடா, பதில் சொல்லுடா!" வாயைத் திறந்தால் அலறல்தான் வரும். திறக்கவில்லை. அடுத்த நொடி கதவு திறந்தது. வெயில் மொத்தமும் என் மேல் விழுந்தது.

டில்லிபாபு என்னைத் தூக்கக் கையை நீட்டியபடி நின்றான். பார்த்தான். அவன் கை அப்படியே நின்றது. பிறகு கதவை இழுத்துச் சாத்தினான். வெளியே யாரோ வரும் சத்தம் கேட்டது.

"அந்தாண்ட போ. உள்ள என் தோஸ்து கீறான்" என்றான். நான் எழுந்து வெளியே வரும்வரை முழு பலத்தோடு அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். வந்தபோது தரையைப் பார்த்தபடி ஹெல்மெட்டை நீட்டினான்.

அன்று மாலை பைக் எனக்காக நிற்கவில்லை. பஸ்ஸில் போனேன். இரவு முழுக்க, நாளை அவன் என்ன சொல்லித் திட்டுவான் என்று நானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஏமாத்திட்டியே என்பான். கூடவே சுத்தினியே, சீ என்பான். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டிலேயே காத்திருந்தான். கண் சிவந்திருந்தது. பெட்டி அடுக்குக்குப் பின்னால் வரச் சொல்லி, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். பிரித்தால், ரோஸ் கலர் அட்டை கட்டிய சாவி. ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் லேடீஸ் கக்கூஸின் சாவி.

"நைட்டெல்லாம் தூக்கமே வரல. இத்தினி நாளு நீ எப்பிடி அடக்கிக்கினு கெடந்தியோன்னு நெனச்சா பேஜாரா கீது. இனிமே அந்தக் கவல இல்ல. உள்ள தாப்பா கீது, நானே போட்டுப் பாத்தேன். சோக்கா உளுது. எவனும் தொறக்க மாட்டான்."

"சாவி எப்பிடி?" என்றேன்.

"ஆபீஸ்ல கீற பவானியக்காகிட்ட சொல்லித்தான் வாங்கினேன். நல்ல பொம்பள அது, வெளிய உடாது. கேட்டுட்டு அழுதுருச்சு தெரியுமா?"

"நான் ஆம்பளடா" என்றேன்.

"சரி..." என்றான். அவன் கண் என் முகத்துக்கு வரவே இல்லை. "அது சரி. நீ எப்பிடினா இரு. ஒன் நல்லதுக்குத்தான சொல்றேன்."

அவன் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். ராத்திரி முழுக்க எனக்காகத் தூங்காதவன் சட்டையை எப்படிப் பிடிப்பது? கோபம் வந்தது, அதை வைக்க ஒரு இடம் கிடைக்கவில்லை. சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கக்கூடத் தெம்பு இல்லை.

அந்த லேடீஸ் கக்கூஸ் கேன்டீன் நிழலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே எந்நேரமும் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். தாடிக்காரன் ஒருவன் பூட்டைத் திறந்து உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் அறுபது பேருக்கும் தெரிந்துவிடும். போகாவிட்டாலும் எத்தனை நாளைக்குத் தெரியாமல் இருக்கும்? ஆபீஸ் ஜன்னலில் பவானி என்னைப் பார்த்தாள். எத்தனையோ நாளாக, "கவுதமன் சார், சீல் லிஸ்டு எங்கே?" என்று அதட்டுகிறவள் அன்று தலையைச் சாய்த்து, போ போ என்று கண்ணால் கக்கூஸைக் காட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பத்து மணிக்கே எனக்கு முட்டிவிட்டது. தொடைகளை இறுக்கிக்கொண்டு ஒரு பெட்டியின் நம்பரை மூன்றுமுறை படித்தேன், மனதில் நிற்கவில்லை. டில்லிபாபு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். கையில் பாட்டில். அவனுடைய பாட்டில் இல்லை, லேபிள்கூடப் பிரிக்காத புதுப் பாட்டில்.

"மாத்திர போடணும்ல. தண்ணி குடி" என்றான்.

மச்சான் என்று சொல்வான் என்று நின்றேன். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. என்னைப் பார்க்காமல் பாட்டிலை நீட்டியபடியே இருந்தான்.

"அப்புறம் குடிக்கிறேன்" என்று வாங்கித் தரையில் வைத்தேன். அவன் தலையாட்டிவிட்டு வண்டிக்குப் போனான். மணி பத்தரை. என் அறைக்குப் போய்ச் சேர இன்னும் எட்டரை மணி நேரம் இருந்தது.