மூட்டையின் மூச்சு

லிப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஊரில் உள்ள லிப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர், வேலை முடிந்து வந்தால் நான்கு மாடி ஏறித்தான் தன் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து அலுத்துப்போய்விட்டார்கள். அவருக்கும் பழகிவிட்டது. பழகாதது மூட்டைக்குத்தான்.

மூட்டை ஒரு பக் நாய். பெண். ஐந்து வயது. யாரோ உள்ளங்கையால் செல்லமாக அழுத்திவிட்டது போன்ற கறுத்த முகம், வீட்டுக் கவலையெல்லாம் தன் தலையில்தான் என்பது போல நெற்றியில் மடிப்பு, உருட்டி வைத்த கண்கள். குட்டியாக வாங்கிவந்த அன்று அது வாசற்படியில் பொத்தென்று விழுந்து அப்படியே தூங்கிப்போனதைப் பார்த்து, அவர் மனைவி வைத்த பெயர் அது.

அந்த மனைவி இப்போது அவருடன் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் பிரிந்துவிட்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, இருந்திருந்தால்கூடத் தேவலை. மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லாத இரண்டு பேர் பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தார்கள். கடைசியில் சொல்ல ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் அரை நாளில் பிரிந்தன. மூட்டையை மட்டும் பிரிக்க வழியில்லை. அதனால் அவருக்கு ஒரு வாரம், அவளுக்கு ஒரு வாரம் என்று ஏற்பாடு. ஞாயிறு காலை பூங்கா வாசலில் கைமாறும்.

கூடவே ஒரு நோட்டும் கைமாறும். பேச வேண்டியதையெல்லாம் அதில் எழுதிக்கொண்டார்கள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணாடிப் பவர் எழுதுகிற அதே குட்டி எழுத்தில், 'முக மடிப்பை இரண்டு வேளையும் துடைக்கவும். ஈரம் நிற்கக் கூடாது' என்றோ, 'வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து, இன்னும் மூன்று நாள்' என்றோ, 'எடை கூடியிருக்கிறது. பிஸ்கட் வேண்டாம்' என்றோ எழுதியிருப்பாள். அவர் கீழே 'சரி' என்று எழுதுவார். எழுதிய கையோடு பிஸ்கட் டப்பாவைத் திறப்பார். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

அன்று சனிக்கிழமை. அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், அறை அனலாகக் கொதிப்பதைப் பார்த்து, மூட்டையைக் கீழே மர நிழலுக்குக் கூட்டிப்போனார். போனது சரி. திரும்பி ஏறியதுதான் வினையாகிவிட்டது. இரண்டாம் மாடியில் மூட்டை நின்றது. வழக்கமான கர்கர் சத்தம் மாறி, அடைத்த குழாயில் காற்று இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. "வாடி செல்லம், இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று கழுத்துப் பட்டையை லேசாக இழுத்தார். மூன்றாம் மாடி வளைவில் அது பக்கவாட்டில் சாய்ந்தது. நாக்கு தொங்கியது. ரோஜா நிற நாக்கு நீலம் பாய்ந்திருந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நொடிதான். அப்புறம் எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. மூன்றாம் மாடிக்காரர் கொடுத்த பக்கெட் தண்ணீரை அதன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றினார். ஈரத்தோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, கம்பெனி வேனில் ஏ.சி.யை முழுதாக வைத்து ஓட்டினார். ஓட்டிக்கொண்டே, இரண்டு வருடமாக அழுத்தாத எண்ணை அழுத்தினார்.

"மூட்டைக்கு மூச்சு வரல" என்றார்.

"எங்க?" என்றாள் அவள். அவ்வளவுதான். அவர் சொன்ன கால்நடை ஆஸ்பத்திரிக்கு அவள் வந்து சேர்ந்தபோது கழுத்தில் கடை அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் வேறு யாருடையதோ.

மூட்டையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆக்சிஜனில் வைத்துவிட்டு, டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்தார்.

"உயிருக்கு இப்போ பயமில்ல. ஆனா விஷயம் இன்னிக்கு வெயில் மட்டுமில்ல. மூக்கு ஓட்டை ரெண்டும் வெறும் கீறல் மாதிரி இருக்கு. தொண்டையில அண்ணம், அதாவது மேல்வாய்ச் சதை, நீளமாத் தொங்கி வழிய அடைக்குது. இந்த இனத்த உருவாக்கினவங்க முகத்தச் சின்னதாக்கி வச்சுட்டாங்க, உள்ள இருக்கிற சதை சின்னதாகலையே. ஒரு ஸ்ட்ராவ வாயில வச்சு, மூக்கப் பொத்திக்கிட்டு மாடி ஏறிப் பாருங்க. இவளுக்குத் தினமும் அப்படித்தான். நாம குறட்டைய ரசிச்சுக்கிட்டு இருக்கோம்."

அவர் தலை குனிந்தார். அவர் கைபேசியில் அந்தக் குறட்டை பதினைந்து வீடியோவாக இருந்தது.

"இதுக்கு முன்னாடி மயங்கி விழுந்திருக்காளா?"

"இல்ல டாக்டர், இதுதான் முதல் தடவை" என்றாள் அவள்.

அவர் தொண்டையைச் செருமினார். பேசாமல் இருந்துவிடலாம். இருந்துதானே பழக்கம். ஆனால் கூண்டுக்குள் அந்தச் சின்ன விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது தடவை" என்றார். "போன மாசம் ஒரு நாள் படியில விழுந்தா. ஒரு நிமிஷத்துல எழுந்துட்டா. நான் நோட்டுல எழுதல."

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார்.

"ஏன் எழுதல?" சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எழுதினா, நாலு மாடி அவளுக்கு ஆகாதுன்னு சொல்லுவே. நீ சொல்றதும் நியாயமாத்தான் இருக்கும். அப்புறம் என் வாரம் போயிடும். அந்த வீட்டுல எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

"அதுக்காக? அவ செத்திருந்தா?" குரல் உடைந்து உயர்ந்தது. பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். "பத்து வருஷமும் இதே கதைதான். எதையும் சொல்றதில்ல. நானா மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிக்கணும்!"

"நீ மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். அவள் சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லல" என்றாள். "ஆறு மாசத்துக்கு முன்னாடியே இன்னொரு டாக்டர் ஆபரேஷன் பண்ணிடலாம்னாங்க. இந்த மாதிரி நாய்க்கு மயக்க மருந்துல ஆபத்து கொஞ்சம் அதிகம்னும் சொன்னாங்க. பயந்துட்டேன். உங்ககிட்ட சொன்னா, பண்ணுன்னு சொல்லுவீங்களோ, வேண்டாம்னு சொல்லுவீங்களோ... ரெண்டுமே கேக்கத் தைரியம் இல்ல."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார். பிறகு இருவருமாக உள்ளே போய், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆபரேஷன். அதற்குள் மூட்டை தேறியிருந்தது. ஊசி போட வந்த பெண்ணின் கையை நக்கி நட்பு பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தார்.

"நல்லா முடிஞ்சுது. ஆனா மயக்கம் தெளியற நேரந்தான் இந்த மாதிரி நாய்ங்களுக்குக் கண்டம். முழுசா முழிக்கிறவரைக்கும் தொண்டையில குழாய் இருக்கணும். பக்கத்துல ஒருத்தர் தலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். தெரிஞ்ச குரல் இருந்தா மிரள மாட்டா. யாருக்குக் கை நடுங்காது?"

இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டினார்கள். பல மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை பார்க்கிற அவருடைய கை, காற்றில் இலை மாதிரி ஆடியது. மூக்குக் கண்ணாடியின் ஊசி முனைத் திருகுகளைத் திருகிப் பழகிய அவள் கை ஆடாமல் நின்றது.

அவள் உள்ளே போனாள். அவர் கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்தார். மூட்டை குப்புறப் படுத்திருந்தது. மோவாய்க்கு அடியில் துணிச் சுருள், அதற்கு மேல் அவள் உள்ளங்கை. அவள் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி அவர் பார்த்ததேயில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மூட்டை குழாயை மென்றது, தலையை ஆட்டியது. டாக்டரம்மா குழாயை எடுத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டை மூச்சு விட்டது. சத்தமில்லாமல், மூக்கு வழியாக.

அவர் வராந்தாவிலேயே கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்குப் படி ஏறக் கூடாது, குரைக்கக் கூடாது, அறை குளிர்ந்திருக்க வேண்டும், மிருதுவான சாப்பாட்டை உருண்டை பிடித்துக் கையால் கொடுக்க வேண்டும். அவள் வீடு தரைத் தளம். மூட்டை அங்கேதான் போனது. அவர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் வந்து காலை உருண்டைகளை ஊட்டினார். முதல் நாள் வாசலிலேயே நின்றார். மூன்றாம் நாள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொண்டையை அழுத்தாமல் மார்போடு அணைக்கிற பட்டை ஒன்று வாங்கிவந்தார். ஒரு நாள் மூட்டை படுத்திருந்ததைப் பார்த்து அவர் திகைத்துப்போனார். வழக்கமாக வாய் மூடாமலிருக்க ரப்பர் பந்தைக் கவ்விக்கொண்டு, உட்கார்ந்தபடியேதான் தூங்கும். இப்போது பந்து மூலையில் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு, கால்களை நீட்டி, மல்லாந்து கிடந்தது மூட்டை.

"நாலு நாளா இப்படித்தான்" என்றாள் அவள். "அஞ்சு வருஷத் தூக்கத்த மொத்தமாத் தூங்குறா."

பதினைந்தாம் நாள் அவர் உருண்டையைப் பிடித்தபடியே சொன்னார்.

"அவ இங்கேயே இருக்கட்டும்."

"இன்னும் எத்தனை நாளைக்கு?"

"எப்பவும். என் வாரம் வேண்டாம். ஆபரேஷன் ஆனாலும் அவளுக்கு அந்தப் படி ஆகாது, அந்தச் சூடும் ஆகாது. எனக்கே தெரியுது. யாரும் சொல்லி நான் கேக்க வேண்டியதில்ல."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு உருண்டை அவர் விரலிடுக்கில் நசுங்கியது. மூட்டை அதையும் விடாமல் நக்கித் தின்றது.

அவள் எழுந்துபோய் அடுக்களையில் எதையோ எடுத்து வைத்தாள். திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"டாக்டர் ஒன்றரைக் கிலோ குறைக்கணும்னாங்க. காலையில வெயிலுக்கு முன்னாடி அவள மெதுவா நடக்க வைக்கணும். எனக்குக் கடை திறக்கிற அவசரம். தினமும் யாராவது வந்தா நல்லாருக்கும்" என்றாள். பிறகு, இப்படிச் சுற்றி வளைத்தால் சரிப்படாது என்று நினைத்தவளாக, "நீங்க வந்தா நல்லாருக்கும். எனக்கும்" என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கே அவர் வந்துவிட்டார். மூட்டை இருபதடி நடந்து, ஒரு வேலியோரம் நின்று, எங்கோ பூத்திருந்த ஏதோ ஒன்றை நிதானமாக முகர்ந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. பட்டைக் கயிற்றைத் தளர விட்டு, அது முகர்ந்து முடிக்கும்வரை நின்றார்.