குடிக்காதவரின் ஈரல்

ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் டிரம்காரர் பார்த்தது டாக்டரம்மாவை அல்ல, பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்டாட்டியை. அந்த முகம் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், படுக்கை விரிப்பு துவைக்கிற ராட்சத டிரம் மெஷினோடு பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். தொப்பையும் தன் பங்குக்கு ஒத்தாசை செய்தது. சர்க்கரை வியாதி வந்து வருஷக்கணக்காகிறது. அதற்கெல்லாம் அவள் சலித்துக்கொண்டதே இல்லை. ஆனால் ஈரல் என்றால் அவளுக்கு வேறு கணக்கு. அவள் அப்பா குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தவர். கல்யாணம் பேசும்போது அவள் இவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “குடிப்பீங்களா?” இல்லை என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இத்தனை வருஷக் குடித்தனமும் ஓடியது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “எதுக்கும் நெஞ்சையும் ஒரு எக்கோ பாத்துடலாம். மாடி ஏறினா மூச்சு வாங்குதா?” என்றாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க,” என்றார் அவசர அவசரமாக.

தெருவுக்கு வந்த பிறகுதான் பெண்டாட்டி வாயைத் திறந்தாள். “அந்த நெஞ்சு டெஸ்ட்டும் முடியட்டும். அப்புறம் நான் மக வீட்டுக்குப் போயிடறேன்.”

“எதுக்கு?”

“எங்கம்மா பட்டதை நானும் படணுமா?”

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, மண்டைக்குள் குடைச்சல்தான் வந்தது. ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. அப்படியிருக்க, கொழுப்பு எந்த வழியாக உள்ளே போனது? அது கிடக்கட்டும், ஈரலைப் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சுக்கு என்ன வேலை? மதியம் ஓட்டலில் வேலைக்கு நடுவே விலா எலும்புக்குக் கீழே வலப்பக்கம் விரலால் அமுக்கிப் பார்த்தார். அப்படியே கையை நகர்த்தி இடப்பக்கம் நெஞ்சின் மேல் வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பக்கத்து வீடுதான். சுவர் வழியாகப் பேசிக்கொள்ளுமோ என்னவோ.

சாயங்காலம் மச்சான் போன் செய்தான். பெண்டாட்டியின் தம்பி, லாரி ஓட்டுகிறவன், வண்டியை நிறுத்தினால் பாட்டிலைத் திறக்கிறவன்.

“என்ன மாமா, ஈரல்ல கொழுப்பாமே? எங்க கம்பெனியில எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்தாங்க. எனக்குச் சுத்தமா இருக்காம். குடிக்கிறது நான், படியறது உனக்கு. இது என்ன ஏற்பாடு?”

“உங்க அக்காகிட்ட நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்டா.”

“நான் சாட்சி சொன்னா உருப்பட்ட மாதிரிதான். நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து குடிச்சதா ஏற்கனவே முடிவு பண்ணிட்டா.”

மறுநாள் வேலை விட்டு வரும்போது கால்கள் தாமாகவே கோழிக்கடைப் பக்கம் திரும்பின.

“ஈரல் எவ்வளவு போடட்டும்?” என்றார் கடைக்காரர்.

“வாங்க வரல. பாக்கணும்.”

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பொண்ணு பாக்க வந்த மாதிரி சொல்றீங்க. பாருங்க, காசா பணமா.”

தட்டில் ஈரல்கள் குவிந்து கிடந்தன. பெரும்பாலும் கருஞ்சிவப்பு. ஒன்று மட்டும் வெண்ணெய் பூசியதுபோல மஞ்சளடித்து, ஊதிப்போய்க் கிடந்தது. தொட்டால் விரல் பதிந்தது.

“இது ஏன் இப்படி?”

“கூண்டுக் கோழி. தீனி மூக்குக்கு முன்னாலேயே இருக்கும், நடக்க இடம் இருக்காது. தின்னது எங்க போவும்? அங்கதான் போய் அப்பும்.”

“இது குடிக்காதுல்ல?”

“எது?”

“கோழி.”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணே, வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?”

கையில் ஆதாரம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் டிரம்காரர் வீட்டுப் படிகளில் வேகமாக ஏறினார். சந்தோஷம் இரண்டாம் மாடி வரைக்கும்தான் வந்தது. திருப்பத்தில் வழக்கம்போல உட்கார்ந்துவிட்டார். சில மாதமாகவே இப்படித்தான். நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியைத் திணித்து வைத்த மாதிரி இருக்கும். நாக்கு வறண்டுவிடும். சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, மூச்சு சமாதானமானதும், ஒன்றுமே நடக்காதவர்போல மூன்றாம் மாடிக்குப் போவார். அவளிடம் சொன்னால் வேலையை விடு என்பாள். வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்து பழக்கமே இல்லை அவருக்கு.

உள்ளே போனதும் ஆதாரத்தை எடுத்து வைத்தார். “கோழிக்கும் ஈரல்ல கொழுப்பு இருக்கு. கண்ணால பாத்துட்டு வர்றேன். கோழி என்ன குடிக்குதா?”

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “கோழி பெப்பர்மின்ட் மென்னுக்கிட்டு வீட்டுக்குள்ள வராது.”

அவர் வாயிலிருந்த மிட்டாய் கன்னத்தோரம் ஒதுங்கியது.

“எங்கப்பாவும் இதான் செய்வாரு. கீழயே நின்னு மென்னு, வாடையை அடக்கிட்டு மேல வருவாரு. உங்க செருப்புச் சத்தம் தினம் ரெண்டாம் மாடியில நிக்கிறது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா?”

உண்மை தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் பெண்டாட்டி போவாள். எதை விடுவது என்று தெரியாமல் மிட்டாயைத்தான் விழுங்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் துணிப்பை பாதி நிரம்பியிருந்தது.

மறுநாள் எக்கோ எடுக்கிற அறையில் அரையிருட்டு. இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். திரையில் கறுப்பு வெள்ளையாக ஏதோ ஒன்று சுருங்குவதும் விரிவதுமாக இருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இப்போதுதான் நேரில் பார்க்கிறோம் என்று அவருக்குப் பட்டது. மரியாதைக்கு ஒரு வணக்கம் வைக்கலாம் போலிருந்தது.

அது முடிந்து டாக்டரம்மா அறைக்குள் நுழைந்ததும், நாற்காலி சூடாவதற்குள் பெண்டாட்டி கேட்டுவிட்டாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டாக்டர். இவரு குடிக்கிறாரா இல்லையா?”

“படத்தைப் பாத்து அதைச் சொல்ல முடியாதும்மா. குடிச்சாலும் படியும். குடிக்காமலே சர்க்கரை இருக்கிறவங்க நிறைய பேருக்குப் படியுது.”

டிரம்காரருக்குத் தோள் தொங்கிவிட்டது. ஸ்கேன் மெஷினும் கைவிட்டுவிட்டது.

டாக்டரம்மா அறிக்கையைத் திருப்பினாள். “உங்க இதயம் ரத்தத்தை நல்லாத்தான் பிழிஞ்சு அனுப்புது. ஆனா பிழிஞ்சதுக்கு அப்புறம் தளர்ந்து விரியறதுல கொஞ்சம் விறைப்பு. சர்க்கரையோட ஈரல் கொழுப்பும் இருக்கிறவங்ககிட்ட இதை அதிகமாவே பாக்கிறோம். எது எதைக் கெடுக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியல. ஆனா மூணும் கூட்டாளிங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க மெஷின்லயும் பிழிஞ்சு முடிச்சதும் விரிப்பெல்லாம் டிரம் சுவத்தோட ஒட்டிக்கும். உரிச்சு விட்டாத்தான் அடுத்ததுக்கு இடம். அப்படியா?”

“அது துணி. இங்க சுவரே விறைச்சுக்கிது. உள்ள வர்ற ரத்தத்துக்குச் சுலபமா இடம் விட மாட்டேங்குது, அது நுரையீரல் பக்கம் நெருக்கும். மாடி ஏறினா மூச்சு வாங்கணுமே. உங்களுக்கு இல்லைன்னீங்க?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். பெண்டாட்டிதான் மெதுவாகத் திரும்பினாள்.

“ரெண்டாம் மாடியில நிக்கிறீங்களே,” என்றாள். குரலில் நேற்றிருந்த முள் இல்லை. “அது இதுக்கா?”

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

“அப்ப மிட்டாய்?”

“நாக்கு வறண்டுடுது.”

“சர்க்கரை இருக்கிறவரு தினம் மிட்டாயா?” என்றாள் டாக்டரம்மா. இரண்டு பெண்களும் சேர்ந்து முறைத்ததில் அவருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தாள். எடை குறையணும், நடக்கணும், பாரம் தள்ளுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தணும் என்று அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் பெண்டாட்டியே சரி சொன்னாள்.

வீட்டுப் படியில் அவள் முன்னால் ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பம் வந்ததும் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவளே முதலில் உட்கார்ந்தாள்.

“உக்காருங்க. சொன்னா என்னவாம்?”

“வேலையை விடச் சொல்லுவே.”

“துணி வண்டி தள்றதை விடச் சொல்லுவேன். மடிக்கிற மேஜைக்கு மாத்திக் கேளுங்க. மாட்டேன்னா நான் வந்து கேக்கிறேன்.” கையை நீட்டினாள். “எடுங்க அதை.”

சட்டைப்பையிலிருந்த மிட்டாய் அத்தனையும் அவள் கைக்கு வந்தது. ஒன்றைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“அப்பா வாசனை,” என்றாள். ஆனாலும் துப்பவில்லை.

“அந்தப் பை?” என்றார் அவர்.

“பிரிக்கணும். மக வேணும்னா இங்க வரட்டும்.”

மூச்சு சமாதானமாகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையை ஈரல் மேலும் இன்னொரு கையை நெஞ்சின் மேலும் வைத்துக்கொண்டார்.

“தப்பு பண்ணிட்டேன். அந்தக் கோழியோட நெஞ்சையும் காட்டச் சொல்லியிருக்கணும். அதுவும் விறைச்சுக் கிடந்துச்சோ என்னமோ.”

மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது. “நாளைக்குக் கோழிக்கடைக்கு நானும் வர்றேன்,” என்றாள். “பஸ் எல்லாம் கிடையாது. நடந்தே போவோம்.”