உயிரோடிருப்பவனுக்கு விளக்கு

நோர்சோம் பதினெட்டு வருடமாக மார்ச் பத்தாம் தேதி, திபெத்திய எழுச்சி நாள் ஊர்வலத்துக்குப் போகிறாள். பதினெட்டு வருடமும் முகத்தை மூடிக்கொண்டுதான் போயிருக்கிறாள். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, சால்வையை மூக்குவரை சுற்றிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ரொறன்ரோக் குளிருக்கு அது சௌகரியமும்கூட. வேடிக்கை பார்க்கிறவர்கள் குளிருக்காக என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். கூட்டத்தில் எந்தக் கமெரா யாருடையது என்று யாருக்குத் தெரியும்? படம் எந்தச் சீன அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேரும் என்றும் தெரியாது. திபெத்தில் அண்ணனோ அக்காவோ இருக்கிற எல்லோரும் அந்த ஊர்வலத்தில் முகத்தை மூடிக்கொண்டுதான் கொடி பிடிக்கிறார்கள்.

நோர்சோமுக்கு அங்கே ஒரே ஓர் அண்ணன். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவளை மலையடிவாரம்வரை கொண்டுவந்து, வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போனவர். மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமே. அவள் நேப்பாளம் கடந்து, கர்நாடகத்து அகதிக் குடியிருப்பில் வளர்ந்து, குளிர்காலம் தோறும் மதுரை நடைபாதையில் கம்பளிச் சட்டை விற்று, கடைசியில் கனடா வந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பது வருடம் ஓடிவிட்டது. அண்ணனைப் பிறகு நேரில் பார்க்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை போனில் குரல் அனுப்புவார். பனி பெய்தது, மாடு கன்று போட்டது, முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். அந்த முழங்கால் வலிக்காக அவள் மாதம் முழுக்கக் காத்திருப்பாள்.

இவ்வளவு கவனமாக இருந்தவள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

பார்க்டேல் பக்கத்துத் திபெத்தியப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மொழிப் பள்ளிக்கூடம் நடக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரையும் 'அங்கிள்' என்று கூப்பிடுகிறார்களே என்று வாத்தியாருக்குக் கவலை. திபெத்திய மொழியில் தாயின் சகோதரன் ஆஷங், தகப்பனின் சகோதரன் அகு. மாமாவும் சித்தப்பாவும் ஒன்று என்று யாராவது சொன்னால் நாமும் சண்டைக்குப் போய்விடுவோம்தானே. அதனால் டிசம்பர் விழாவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தைப் பற்றி மேடையில் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நோர்சோமின் மகள் டெச்சென்னுக்குப் பத்து வயது. தகப்பன் லொறியோடு கல்கரிப் பக்கம் அலைகிறவன், மாதத்தில் இரண்டு தடவைதான் வீட்டில் இருப்பான். ஆகவே தாய்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொடுத்தாள். அதுவும் பொதுத் திபெத்திய மொழியில் இல்லை. தன் ஊர்ப் பேச்சில், தன் அண்ணன் பேசுகிற பேச்சில். பிள்ளை மேடையேறி, கணீரென்று பேசியது. என் ஆஷங்கின் பெயர் இது. அவருடைய ஊர் இது. அவரிடம் நாற்பது மாடுகள் இருக்கின்றன. என் பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாடிப் போனில் அனுப்பினார். அவரை இங்கே வர விடமாட்டார்கள், எங்களை அங்கே போக விடமாட்டார்கள்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கனடாவில் பிறந்த பிள்ளையின் வாயில் அந்தப் பேச்சா என்று கிழடுகள் கண்ணைத் துடைத்தன. திபெத்தியர் சங்கம் வீடியோவை முகநூலில் போட்டது. நோர்சோம் பெருமை தாங்காமல் அதை எடுத்து இன்னும் மூன்று குழுக்களுக்கு அனுப்பினாள். முகத்தை மூடத் தெரிந்த மனுஷிக்கு அண்ணனின் பேரையும் ஊரையும் மூடத் தோன்றவேயில்லை, பாவி.

ஜனவரியில் குரல் வரவில்லை. பெப்ரவரி கடைசி ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. திரையில் அண்ணன். அவருடையது போலில்லாத புதுச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர். மேசையின் ஓரத்தில் வேறு ஒருவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

"நான் நல்லா இருக்கேன்," என்றார் அண்ணன், எழுதியதைப் பார்த்து வாசிப்பதுபோல. "எங்களை நல்லா கவனிக்கிறாங்க. நீ மார்ச் பத்துக்குப் போ. போறவங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பேரும் எழுதி அனுப்பு. அடுத்த ஞாயிறு இதே நேரம் கூப்பிடுறேன்."

முழங்கை அசைந்தது. போன் நின்றது. நோர்சோம் வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சக் கையையும் போட்டு முடித்து, மடித்து வைத்தாள். நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட தாடைபோல உடம்பெல்லாம் மரத்துக் கிடந்தது.

அன்று மத்தியானமே சங்கச் செயலாளர் ஜம்பாவிடம் போனாள். டாக்ஸி ஓட்டுகிற மனிதர். கேட்டு அவர் திடுக்கிடவில்லை, அதுதான் கொடுமை.

"இந்த வருஷம் இது நாலாவது வீடு," என்றார். "வீடியோவை எடுத்துடுறேன். இனி எடுத்து என்ன."

"போனை எடுக்காம விட்டுட்டா?"

"அண்ணன்தான் உனக்கு எச்சரிக்கை குடுத்தார்னு நினைப்பாங்க. அவரைப் போட்டு உலுக்குவாங்க. நம்பரை மாத்தினாலும் அதே கதைதான்." ஜம்பா தேநீரை ஊதிக் குடித்தார். "பக்கத்துல இருக்கிறவன் காதால கேக்கணும். தங்கச்சி தலைமுழுகிட்டா, இந்த ஆளை வெச்சு ஒரு பிரயோசனமும் இல்லைன்னு அவனுக்குத் தெரியணும். அப்புறம் விட்டுடுவாங்க. பெரும்பாலும் விட்டுடுவாங்க."

"அதுக்கப்புறம் நான் அவரோட..."

"இல்லை," என்றார் ஜம்பா. "அதுக்கப்புறம் இல்லை."

கிழமை முழுக்க அவள் வேலைக்குப் போனாள். முதியோரைக் குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், தவறாமல் சிரித்தாள். அவளோடு வேலை செய்கிறவள் கரோலின், மன்னார்க்காரி, டோர்செட் பார்க்கில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். நோர்சோமின் மதுரைத் தமிழைக் கேட்டால் கரோலினுக்குச் சிரிப்பு அடங்காது. படம் பார்க்கக் காசு மிச்சமடி என்பாள். வெள்ளிக்கிழமை, ஒரு கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று விரிப்பு மாற்றும்போது, நோர்சோம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, நானே என் வாயால அவரை அத்துவிடணும். எப்படி முடியும்?"

கரோலின் விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகினாள். அவளுடைய தம்பி அல்பேட்டை யுத்தம் முடிந்த கிழமை தாய் தன் கையாலேயே கூட்டிக்கொண்டு போய் ராணுவத்திடம் ஒப்படைத்தாள். பதினாறு வருடமாகத் தகவல் இல்லை. வருடத்துக்கு ஒருக்கா கரோலின் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு டவுன்ரவுனில் நிற்பாள். இதெல்லாம் நோர்சோமுக்குத் தெரியும். ஆனால் கரோலின் அதைப் பற்றி வேலையிடத்தில் வாய் திறந்ததில்லை.

"எடியே, உனக்கு அவர் இருக்கிறார் எண்டு தெரியும்," என்றாள் கரோலின். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்கு ஒருத்தன் வந்து, உன்ர தம்பி உயிரோட இருக்கிறான், ஆனா நீ சாகுமட்டும் அவனோட கதைக்கக்கூடாது எண்டு சொன்னா, நான் அவன்ர காலில விழுந்து கும்பிடுவன். கதைக்கமாட்டன். சத்தியமாக் கதைக்கமாட்டன்."

பிறகு தலையணையைத் தட்டி வைத்து, "பன்னிரண்டாம் அறையையும் முடிச்சிட்டு வாறன். நீ போய்ச் சாப்பிடு," என்றாள். நோர்சோம் போய்ச் சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட வேண்டிய டெச்சென்னைக் குளிக்க அனுப்பிவிட்டு நோர்சோம் அடுக்களை மேசையில் போனைச் சாய்த்து வைத்தாள். சொல்ல வேண்டியதைச் பள்ளிக்கூட லீவுக் கடிதம்போல மனப்பாடம் செய்திருந்தாள். இனி நீ எனக்கு அண்ணன் இல்லை, இனிக் கூப்பிடாதே. இரண்டே வாக்கியம்.

போன் அடித்தது. அதே வெள்ளைச் சுவர், அதே முழங்கை. ஒரு கிழமைக்குள் அண்ணனின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு கண் கொஞ்சம் வீங்கியிருந்ததோ, வெளிச்சம்தான் அப்படியோ.

"படம் எடுக்க ஏற்பாடு பண்ணிட்டியா?" என்றார்.

மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. வாயில் வேறொன்று வந்தது.

"நீங்க யாரு?" என்றாள் நோர்சோம். "எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். செத்துப்போயிட்டார். சனியன் பிடிச்ச மாதிரி என்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க. என்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்லை."

முழங்கை விலகி, ஒரு கை அண்ணனின் தோளில் வந்து உட்கார்ந்தது. அண்ணன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். புரிந்துகொண்டார். முப்பது வருடம் கழிந்தும் அந்தப் பார்வையை வாசிக்க அவளுக்குத் தெரிந்தது.

"அவருக்கு விளக்கு ஏத்தினியா?" என்று கேட்டார். செத்தவருக்கு வழி தெரிய நாற்பத்தொன்பது நாள் வெண்ணெய் விளக்கு ஏற்றுவது அவர்கள் வழக்கம்.

"நாப்பத்தொன்பது நாளும் ஏத்தினேன்."

"அப்போ வழி தெரிஞ்சு நல்லபடியாப் போயிருப்பார்," என்றார் அண்ணன். "நீ கவலைப்படாதே."

கை போனைப் பறித்தது. திரை கறுத்தது. நோர்சோம் அந்த எண்ணை அழித்தாள். பழைய குரல்களையும், பனியையும் கன்றையும் முழங்காலையும், பிறந்தநாள் பாட்டையும், ஒன்றொன்றாக அழித்தாள். முடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்பதை அவள் கவனிக்கவில்லை.

டெச்சென் துவாயோடு வாசலில் நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா," என்றது பிள்ளை, தாயின் ஊர்ப் பேச்சில், ஓர் எழுத்துப் பிசகாமல். "ஆஷங் எப்போ செத்தார்?"

பொய் என்று சொல்லலாம். இல்லையடி கண்ணே, இருக்கிறார், அவரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லலாம். பிள்ளை அதைச் சிநேகிதியிடம் சொல்லும், சிநேகிதி தாயிடம் சொல்லும், தாயிடம் போன் இருக்கும்.

"குளிர் நாள்ல," என்றாள் நோர்சோம். "உன் விழா முடிஞ்ச பிறகு."

பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதது. நேரில் ஒரு நாளும் பார்த்திராத மாமனுக்காக, மூக்கு ஒழுக, மூச்சுத் திணற, அழவேண்டிய முறைப்படி அழுதது. நோர்சோம் பக்கத்தில் உட்கார்ந்து அதை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஈரத் தலைமயிர் சட்டையை நனைத்துக் குளிர்ந்தது. அவளுக்கு அந்தக் குளிர் மட்டும்தான் தெரிந்தது.

திடீரென்று பிள்ளை நிமிர்ந்தது.

"நாப்பத்தொன்பது நாளும் விளக்கு ஏத்தினேன்னு சொன்னியே. பொய்! நம்ம வீட்டுல யாரும் ஏத்தலை. ஒரு நாள்கூட ஏத்தலை. அப்போ ஆஷங்குக்கு எப்படி வழி தெரியும்?"

நோர்சோம் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். எழுந்துபோய் அலுமாரியிலிருந்து பித்தளைக் கிண்ணத்தை எடுத்தாள். குளிர்சாதனப் பெட்டியில் அரைத் துண்டு வெண்ணெய் கிடந்தது. அதை அடுப்பில் உருக்கி ஊற்றினாள். டெச்சென் விக்கிக்கொண்டே பஞ்சைத் திரித்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், திரி அழகாக நின்றது.

மலைக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்காக அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். பிள்ளை கண்ணை மூடி, பிழையில்லாமல் மந்திரம் முழுவதையும் சொல்லி முடித்தது.

"இன்னும் நாப்பத்தெட்டு நாள் ஏத்தணும், அம்மா. மறக்கக்கூடாது."

"ஆமா," என்றாள் நோர்சோம். "வெண்ணெய் வாங்கணும்."