ரத்தினத்தின் மேல் ஏறிய லாரி

பீர்க்கன்கரணை ரத்தினம் 1999-இல் மாரடைப்பில் இறந்தார். 2015 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவர் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தவரானார். முதல் மரணம் முப்பத்தேழாவது வயதில் வீட்டுக் கட்டிலில் நடந்தது. இரண்டாவதும் அதே தேதியில், அதே வயதில்தான், ஆனால் பெருங்களத்தூர் சிக்னலில். அந்த 2015 கடைசியில் வெள்ளம் வந்து தெருக்களில் படகு ஓடியதால் இதைப் பற்றி உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை. நேரமிருந்தாலும் பேசியிருக்க மாட்டார்கள். மாறிவிட்டது என்பதே அவர் மனைவி அருள்மேரியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

எல்லாம் மகன் ஜெரோமின் கல்யாணத்துக்காக நடந்தது. பையனுக்குச் சிறுசேரியில் வேலை, சிகரெட் கிடையாது, ஞாயிறு பூசை தவறாது. அப்படியும் இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. அப்பனுக்கு முப்பத்தேழில் நெஞ்சுவலி என்றால் பிள்ளைக்கு எப்போதோ என்று பெண் வீட்டார் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டுப் போனார்கள். மாதா கோயில் பங்கில் பாதிக் கல்யாணங்களை முடித்துவைத்த பேபி அக்காவுக்கே அலுத்துவிட்டது. "பேஜாரு புடிச்ச கேஸு மேரி இது. வியாதின்னா எவன் வூட்டுப் படி ஏறுவான்? ஆக்சிடென்ட்னு சொல்லு. ஆக்சிடென்ட் இன்னா ரத்தத்துலயா வரும்?" என்றாள். மூன்றாவதாக சத்யபிரியாவின் வீட்டார் வந்து கேசரி சாப்பிட்டு முடித்து விசாரித்தபோது, அருள்மேரி தட்டைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி லாரிங்க. பெருங்களத்தூர் சிக்னல்ல," என்றாள். பாவம், விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் காலை மாடிப்படிக்கு அடியில் பதினாறு வருஷமாகச் சும்மா நின்றிருந்த ரத்தினத்தின் ஸ்கூட்டர் முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. நசுங்கிய இடத்தில் துருவும் பழையதாகவே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் அன்றைக்கு ரோட்டில் கூடிய கூட்டத்தை விவரித்தார். பீரோவிலிருந்த இறப்புச் சான்றிதழ் ஒத்துப்பேசியது. பெற்ற மகனே, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பாதியில் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டு வந்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த வாரமே கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது.

கல்லறைத் திருநாளன்று படப்பையிலிருந்து ஏகாம்பரம் என்பவர் மெழுகுவத்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு வந்தார். லாரி ஓட்டியவர் அவர்தான். வருஷா வருஷம் வருகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். அருள்மேரி மட்டும் அந்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். விபத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கையே தொடாமல், ஏதோ ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். "பிரேக்கு புடிச்சேம்மா, நிக்கல. தூங்கச் சொல்லோ அந்த சத்தம் கேக்குது," என்றார். "நீ கொல்லலப்பா, சத்தியமா நீ கொல்லல," என்று அருள்மேரி அவர் கையைப் பிடித்துச் சொன்னாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு அந்த மனிதர் இன்னும் அதிகமாக அழுதார்.

ஒன்பது வருஷம் போயிற்று. ஜெரோமுக்கு முப்பத்தேழு பிறந்த மாதம், பைக்கை ஸ்டாண்டு போடும்போது நெஞ்சைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தான். டாக்டர் சூர்யநாராயணன் ஈ.சி.ஜி. எடுத்தார், குறை இல்லை. வீட்டில் யாருக்காவது ஹார்ட் பிராப்ளம் உண்டா என்று கேட்டார். "இல்ல சார். அப்பா ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, அம்மா நல்லா இருக்காங்க," என்றான் ஜெரோம். நல்ல டாக்டர்தான். கேட்ட பதிலை வைத்துக்கொண்டு கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அருள்மேரி அன்றே மகனை உட்காரவைத்து உண்மையைச் சொன்னாள். "அப்பா லாரில போகலடா. நெஞ்சுவலிதான்டா." ஜெரோம் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "ஏகாம்பரம் அண்ணன் வந்து அழுறாரே, அது என்னம்மா?" என்றான். அத்தைக்கு மறதி வந்துவிட்டதென்று சத்யபிரியா கவலைப்பட்டாள். மருமகளே ஸ்கூட்டரைக் காட்டினாள், சான்றிதழைக் காட்டினாள். பொய்யை ஒருதரம்தான் சொன்னாள் அருள்மேரி. உண்மையை மூன்று நாள் விடாமல் சொல்லியும் ஸ்கூட்டரில் ஒரு நசுங்கல்கூட நிமிரவில்லை.

நாலாம் நாள் மகனைக் கட்டாயப்படுத்தி மறுபடி கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். மாடியிலிருந்த கிளினிக்குக்கு லிஃப்ட் கிடையாது. அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள். டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "எனக்கு இருக்கு டாக்டர்," என்றாள். "எனக்கு அட்டாக் வந்துது. முப்பத்தி நாலு வயசுல. ஞாயித்துக்கெழம காலைல, பூசைக்குக் கெளம்பும்போது. எடது கை மரத்துப்போச்சு. கட்டில்ல உக்காந்துட்டேன், அப்படி ஒரு வேர்வை. இவன்தான் தண்ணி கொண்டாந்தான். ஓடியாந்ததுல பாதிய என் மேலயே ஊத்திட்டான்." வயதைத் தவிர, ஒரு வார்த்தை விடாமல் அது ரத்தினத்தின் கடைசிக் காலை.

சொல்லி முடிப்பதற்குள் அவள் கால் வீங்கி செருப்பு இறுகியது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. கைப்பையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் நான்கு இருந்தன. ஜெரோமுக்குக் கண் கலங்கியது. "ஆமா சார். எனக்குப் பன்னெண்டு வயசு. நான்தான் தண்ணி குடுத்தேன்," என்றான். பிறகு, "மாடி ஏற முடியாதுல்ல, நீ ஏம்மா வந்த?" என்று கடிந்துகொண்டான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத ஏன் சார் அன்னிக்கே சொல்லல? பெத்தவங்களுக்கு இவ்வளவு சின்ன வயசுல வந்திருந்தா, பிள்ளைங்களுக்கு கேஸ்னு விட முடியாது," என்று ஆஞ்சியோவுக்கு எழுதினார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் தொண்ணூறு சதவீதம் அடைத்திருந்தது. அந்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று சத்யபிரியாவிடம் ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அருள்மேரி பதினோரு வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவள். கூட நடந்தவர்கள் வைத்திருந்த போட்டோக்களில் இப்போது அவள் இல்லை. படுக்கையில் கிடந்தபடி மரக்காணத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரம் வரும் என்று அவள் சொன்னால், நடக்கவே முடியாத மனுஷிக்கு எப்படித் தெரியும் என்று பேபி அக்கா ஆச்சரியப்பட்டாள். 2025-இல் ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவள் இறந்தாள். இருபத்தாறு வருஷ இதய நோயாளி இவ்வளவு காலம் இருந்ததே மாதாவின் கருணை என்று அடக்கப் பூசையில் ஃபாதர் சொன்னார். அது தவறென்று சொல்லத் தெரிந்தவள் பெட்டிக்குள் இருந்தாள்.

அந்த ஆகஸ்டில் ஜெரோமுக்கு முப்பத்தெட்டு பிறந்தது. அவன் அப்பா பார்க்காத வயது. அதில் விசேஷம் ஏதும் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சத்யபிரியா கேக் வாங்கியிருந்தாள். அம்மா இறந்த வருஷம் என்பதால் பாட்டு வேண்டாம் என்றார்கள். அப்பாவைக் கொன்ற ஏகாம்பரத்துக்கு ஜெரோம் முதல் துண்டைக் கொடுத்துவிட்டு, தன் துண்டிலிருந்த கிரீமை வழித்து ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டான்.